"போதும்தானே அக்கா?"

கடந்த ஆண்டு மாரி மழைக்குச் சற்று முன்னர் மருத்துவ பீட மாணவர்கள் பன்னிருவர் நாம் பணிபுரியும் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றுக்கு வந்திருந்தனர். சமுதாய மருத்துவம் என்னும் பாடத்துக்காக வீடு வீடாகச் சென்று குடும்பங்களின் சுகாதார நிலையை எழுதிக்கொள்வது அவர்களது வேலை. கையில் அச்சடித்த படிவம், தோளில் பை, காலில் எமது செம்மண்ணுக்குப் பொருந்தாத சப்பாத்து. நல்ல பிள்ளைகள். தண்ணீர் கேட்டுக் குடிப்பதற்கும் கூச்சப்பட்டார்கள்.

ஒரு வீட்டில் நாமும் கூட நின்றோம். வெங்காயத்தில் சருகு நீக்கிக்கொண்டிருந்த தாயிடம் மாணவன் ஒருவன், "எத்தினை பிள்ளையள் அக்கா?" என்று கேட்டான். "நாலு தம்பி. ஒண்டு இல்லை" என்றார் அவர். மாணவன் படிவத்தில் மூன்று என்று எழுதினான். பிறகு, மிகவும் நல்ல மனத்துடனேயே, "அப்ப போதும்தானே அக்கா?" என்றான். அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. சுளகைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த "இல்லை" என்ற பிள்ளை 2009 ஆம் ஆண்டு மாத்தளனில், நான்கு வயதில் செல் விழுந்து இறந்த பிள்ளை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாணவனுக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் "ஒண்டு இல்லை" என்று ஒரு தாய் சொன்னால் அங்கே ஒரு கணம் நிற்க வேண்டும் என்பதை அவனுக்கு யாராவது கற்பித்திருக்க வேண்டும். கற்பிக்கவில்லை. எம்மை இதை எழுதத் தூண்டியது அந்த ஒரு சம்பவமே.

கருத்தடை பற்றிக் கத்தோலிக்கக் குரு ஒருவர் எழுத வெளிக்கிட்டால், "சுவாமிக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்போர் ஒரு பக்கம், "சுவாமி கூடாது என்றுதானே சொல்லப்போகிறார், வாசிப்பானேன்?" என்று தாளைப் புரட்டுவோர் மறுபக்கம். இரு சாராரையும் சற்றுப் பொறுக்கக் கேட்கின்றோம். திருச்சபையின் போதனை பற்றி இங்கே மறைக்கவும் போவதில்லை, அதை மட்டும் பேசவும் போவதில்லை. நாளை எமது பெண்களின் முன்னால் வெள்ளை அங்கியுடன் உட்காரப்போகும் இந்தப் பிள்ளைகளுக்கு இவ்விடயத்தில் என்ன தெரியும், என்ன மனப்பாங்கு உண்டு என்பதே எமது கேள்வி. எமது ஊர்களுக்கு இது சிறிய கேள்வியன்று. ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடித்த இளம் வைத்தியருக்கு வன்னியின் ஒரு மூலையிலுள்ள வைத்தியசாலையிலேயே முதல் நியமனம் கிடைப்பது வழமை. எமது மக்கள் சந்திப்பது பேராசிரியர்களை அல்ல, நேற்றைய மாணவர்களையே.

அன்று மாலை பங்கு மண்டபத்தில் மாணவர்களோடு தேநீர் அருந்தியபடி உரையாடினோம். ஊர் இளைஞர் சிலரும், ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவரும் வந்திருந்தனர். மாணவர்களுக்கு ஹோர்மோன்களின் பெயர்கள் மனப்பாடம். மூளையின் அடியிலிருந்து கட்டளை எப்படிச் சூலகத்துக்குப் போகின்றது என்பதைத் தாளில் கீறிக் காட்டினார்கள். ஆனால் புதிதாகத் திருமணமான விவசாயி ஒருவர் எழுந்து, "தம்பி, எந்த நாளுகளிலை பிள்ளை தங்கும்?" என்று நேராகக் கேட்டபோது மண்டபம் அமைதியாயிற்று. ஒருவன் "பதினாலாம் நாள்" என்றான். இன்னொருத்தி தலையசைத்தாள். அவ்வளவுதான்.

மருத்துவமாது அம்மா சிரித்துவிட்டுத் திருத்தினார். சூல் முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய பதினான்கு நாட்களுக்கு முன்னர். கடந்த மாதவிடாயிலிருந்து பதினான்காம் நாள் என்பது 28 நாள் ஒழுங்காக வருபவருக்கே பொருந்தும். 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு அது 21 ஆம் நாள் அளவில் நிகழும். முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிர்வாழ்வதில்லை. ஆனால் ஆணின் விந்து பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே கருத்தங்கக்கூடிய காலம் ஏறக்குறைய ஆறு நாட்கள். இடம்பெயர்ந்து முகாமில் இருப்பவருக்கு, சாப்பாடு குறைந்தவருக்கு, அழுகையும் பயமுமாக இருப்பவருக்கு மாதவிடாய் முன்பின்னாக வரும். அவர்கள் கலண்டரை மட்டும் நம்பினால் ஏமாந்து போவார்கள். நாற்பது வருடம் சைக்கிளில் திரிந்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்த இதைப் பல்கலைக்கழகம் ஏன் பிள்ளைகளின் வாயில் வராதபடி கற்பித்தது என்பது எமக்கு விளங்கவில்லை. ஒரு வேளை கற்பித்திருப்பார்கள். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்திலேயே இது தொடங்குகின்றது. இனப்பெருக்கம் பற்றிய பாடம் வந்தால், "வீட்டிலை வாசியுங்கோ" என்று ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போவது எமது காலத்திலும் நடந்தது, இன்றும் நடக்கின்றது. வீட்டில் யார் வாசிப்பது? அதே பிள்ளை உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்து மருத்துவ பீடம் போனபின்னர் உடலைப் பற்றி எல்லாம் தெரியும், ஆனால் ஒரு குடும்பத்தோடு அதைப் பேசத் தெரியாது. கருத்தடை முறைகளின் பெயரைச் சொல்லும்போது மாணவிகள் குனிந்தார்கள், மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இது அவர்கள் குற்றமன்று. வெட்கம் என்ற பெயரில் நாம் வளர்த்த மௌனத்தின் விளைவு.

தாய்ப்பால் பற்றியும் கேட்டோம். பால் கொடுக்கும் காலத்தில் கரு தங்காது என்று எமது பாட்டிமார் சொல்வது முழுப் பொய்யுமன்று, முழு உண்மையுமன்று. 1988 இல் இத்தாலியின் பெலாஜியோ என்னும் இடத்தில் கூடிய நிபுணர்கள் இதைத் தெளிவுபடுத்தினர். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருக்க வேண்டும். தாய்ப்பாலைத் தவிர வேறு ஆகாரம் கொடுக்காமல் இரவும் பகலும் பாலூட்ட வேண்டும். மாதவிடாய் திரும்ப வராதிருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நூற்றுக்கு 98 பேருக்கு அக்காலத்தில் கரு தங்காது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்பக் கூடாது. செலவில்லாத, எந்தச் சமயத்துக்கும் மாறில்லாத இந்த முறையை அன்று வந்த பன்னிருவரில் ஒருத்தியே சரியாகச் சொன்னாள். தன் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது தேடி வாசித்ததாகச் சொன்னாள்.

ஊசி பற்றி எமது பெண்களுக்குள்ள பயம் யாவருக்கும் தெரிந்ததே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசியை நிறுத்தியபின் பிள்ளை வருவதற்குச் சுணங்கும். கடைசி ஊசியிலிருந்து சராசரியாக ஒன்பது பத்து மாதம் செல்லும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஊசி போடும் காலத்தில் இரத்தப்போக்கு ஒழுங்கு தவறும், சிலருக்கு முற்றாக நின்றுவிடும். இவற்றை முன்னரே சொல்லியிருந்தால் ஒரு பெண் பயப்பட மாட்டாள். சொல்லாமல் போட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து, "என்ரை கர்ப்பப்பையைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்றுதான் நினைப்பாள். அவளுடைய பத்து அயலவரும் அப்படியே நினைப்பார்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. காசநோய்க்குக் கொடுக்கும் றிஃபாம்பிசின் என்ற மருந்தும், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் கருத்தடைக் குளிசையின் வலுவைக் குறைத்துவிடும். முகாம் வாழ்க்கையிலிருந்து காசநோயோடு வந்தவர்கள் எமது பங்குகளில் இருக்கிறார்கள். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஒரு கார்ட், குடும்பத் திட்டக் கிளினிக்கில் இன்னொரு கார்ட். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வைத்தியர் வேண்டும். அதுவரை, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் வீட்டிலுள்ள எல்லாக் கார்ட்களையும் ஒரு பையில் கொண்டு போங்கள்.

அறிவுக் குறைவு திருத்தக்கூடியது. ஒரு மாதப் பயிற்சி, ஒரு நல்ல மருத்துவமாது போதும். மனப்பாங்கு அப்படியல்ல. "போதும்தானே" என்ற சொல்லில் உள்ளது மனப்பாங்கு. ஏழைக்குப் பிள்ளை அதிகம், அதனாலேதான் அவன் ஏழை என்ற எண்ணம் படித்தவர் மத்தியில் வேரூன்றியிருக்கின்றது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறி, பரம்பரைத் தோட்டக் காணியை இன்னும் மீளப் பெறாத குடும்பம் ஏழையாய் இருப்பது பிள்ளைகளாலா? அந்தச் செம்மண்ணில் ஐந்து பிள்ளைகளை வளர்த்து இருவரை ஆசிரியராக்கிய வீடுகளை நாம் அறிவோம். காணி போனதால் வந்த வறுமைக்குக் கருப்பையில் மருந்து தேடுவது பிழையான வைத்தியம்.

இந்தச் சிந்தனை அரசாங்கத்தின் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் கண்டிருக்கின்றது. பெரு நாட்டில் 1996 முதல் சில ஆண்டுகளுக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோர் மலைநாட்டுக் கெச்சுவா விவசாயப் பெண்கள். பலர் தமக்கு என்ன செய்யப்படுகின்றது என்பதையே அறியவில்லை என்று பின்னர் சாட்சியமளித்தனர். அதைச் செய்தவர்களும் எங்கோ ஒரு மருத்துவ பீடத்தில் படித்தவர்களே. மாதத்துக்கு இத்தனை பேர் என்ற இலக்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. எமது நாட்டிலும் 1980 முதல் இச்சிகிச்சைக்கு உடன்பட்டவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. மிக வறிய குடும்பத்துக்குக் கொடுக்கும் பணம் சுதந்திரமான விருப்பத்தை எப்படி வளைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடை தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களிடையே மிக அதிகமாக இருந்து வந்ததை நாட்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளே காட்டுகின்றன.

2013 ஓகஸ்ட்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய ஊர்களில், பிள்ளைகளின் நிறை பார்க்க என்று அழைக்கப்பட்ட தாய்மாருக்குக் கையின் தோலின் கீழ் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாகவும், அவர்கள் உண்மையாக உடன்படவில்லை என்றும் முறைப்பாடுகள் எழுந்தன. அதிகாரிகள் வற்புறுத்தல் இல்லை என்றனர். அந்தக் குச்சி ஐந்து ஆண்டுகளுக்குப் பயன்தரும் என்பதும், வேண்டாமென்றால் எந்த நேரமும் எடுக்கலாம் என்பதும் மருத்துவ உண்மை. இருந்தும், எடுக்கலாம் என்பது தெரியாதவளுக்கு அந்த உண்மையால் என்ன பயன்?

அறியாமை மறுபக்கமாகவும் வெட்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கொத்துரொட்டிக்குள் மலடாக்கும் மாத்திரை போடுகிறார்கள் என்ற கதை பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது மாக்கட்டி. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகில் இல்லை. மருத்துவ பீடத்தில் முதலாம் ஆண்டு மாணவனும் இதைச் சொல்லியிருக்கலாம். அன்று நாட்டிலிருந்த அத்தனை மருத்துவ மாணவர்களும் வைத்தியர்களும் ஒரே குரலில் சொல்லியிருந்தால் எப்படியிருக்கும் என்று நாம் நினைப்பதுண்டு. அடுத்த ஆண்டு 2019 மே மாதத்தில் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர், சிசேரியன் செய்த சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்ற குற்றச்சாட்டு எழுந்து அவர் கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் கிடைக்கவில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. எல்லா இனத்தவரும் இன்னொரு இனம் பெருகிவிடும் என்று பயந்துகொண்டிருக்கும் நாட்டில் கருத்தடை பற்றிய அறிவு வெறும் சுகாதார விடயமன்று.

எம்மவர் மத்தியிலும் அதே பயத்தின் வேறு உருவம் உண்டு. "யுத்தத்தில் எத்தனை பேரை இழந்தோம், இனிப் பெண்கள் நிறையப் பெற வேண்டும்" என்று மேடையில் பேசுவோர் இருக்கின்றனர். பேசுவோர் பெரும்பாலும் ஆண்கள். சிலர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசுகின்றனர். பெண்ணின் கருப்பை வாக்காளர் இடாப்பு அல்ல. குறைத்துப் பெறு என்று கட்டளையிடும் உத்தியோகத்தருக்கும் கூட்டிப் பெறு என்று கட்டளையிடும் பேச்சாளருக்கும் நாம் அதிக வேறுபாட்டைக் காணவில்லை.

இனித் திருச்சபைக்கு வருவோம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 இல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை என்பதும், கருத்தங்காத நாட்களை அறிந்து கணவனும் மனைவியும் ஒழுகும் இயற்கை முறையை அனுமதித்தது என்பதும் வாசகர் அறிந்ததே. இதே மடல், அரசுகள் தமக்கு வசதியான முறையை மக்கள்மீது திணிக்கும் ஆபத்தையும் எச்சரித்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1965 இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் எத்தனை பிள்ளைகள் என்ற தீர்மானத்தை இறுதியில் பெற்றோர் தாமே கடவுளின் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்று போதித்தது. அரசனோ, வைத்தியனோ, ஏன் பங்குத்தந்தையோ கூட எடுப்பதற்கில்லை. மேடைகளில் முதலாவதைச் சொன்ன அளவுக்கு இதை நாம் சொல்லவில்லை.

நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குருவாகிய புதிதில், நெஞ்சுவால்வில் வருத்தமுள்ள ஒரு தாய், இனியொரு பிள்ளை உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் சொன்னதாக எம்மிடம் வந்து அழுதார். நாம் அவருக்குச் செபிக்கச் சொன்னோம். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றோம். இயற்கை முறை என்று ஒன்று இருக்கின்றது என்றோம். அதை யாரிடம் படிப்பது என்று சொல்லவில்லை. எமக்கே சரியாகத் தெரியாது. கணவனைக் கூப்பிட்டுப் பேசவில்லை. அடுத்த ஆண்டு அவர் ஐந்தாம் பிள்ளையோடு நான்கு மாதம் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, கடவுள் கிருபையாலும் வைத்தியர்களின் விடாமுயற்சியாலும் பிழைத்தார். வீட்டில் நான்கு பிள்ளைகளை அந்த நான்கு மாதமும் மூத்த பெண் பார்த்தாள். அவள் அத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். அந்தப் பெண்ணைக் கோயிலில் காணும்போதெல்லாம் எமக்கு முகம் கொடுக்க முடிவதில்லை. ஆகவே மருத்துவ மாணவனின் அறியாமையைப் பேசும் தகுதி எமக்கு அரைவாசிதான் உண்டு.

அவுஸ்திரேலியரான பில்லிங்ஸ் தம்பதியர் வகுத்த முறை, பெண் தன் உடலில் சுரக்கும் சளித்தன்மையை நாளாந்தம் கவனித்து வளமான நாட்களை அறிவது. ஒழுங்காகப் படித்து, இருவரும் ஒத்துழைத்தால் பயன் தரும். அரைகுறையாகப் படித்தால் தராது. கிணறு இரண்டு கட்டை தூரத்திலும் மலசலகூடம் நாலு குடும்பத்துக்கு ஒன்றுமாய் இருந்த முகாமில் ஒரு பெண் இதை எப்படிக் கவனிப்பாள் என்ற கேள்வியை எமது திருமண ஆயத்த வகுப்புகளில் எவரும் கேட்டதில்லை. நாமும் 1995 ஒக்டோபரில் பள்ளி வயதில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வந்தவர்கள்தாம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பம் சேலையால் தடுத்துக்கொண்டு படுத்த இரவுகளை மறக்கவில்லை. தாம்பத்திய வாழ்வு பற்றி எழுதும் புத்தகங்கள் அந்த அறையைக் கண்டதில்லை.

மாணவர்களில் ஒருத்தி கத்தோலிக்கப் பிள்ளை. எல்லோரும் போனபின் நின்று கேட்டாள்: "ஃபாதர், நாளைக்கு என்னட்டை ஒரு அம்மா குளிசை கேட்டு வந்தா நான் என்ன செய்ய?" நாம் சுலபமான பதில் சொல்லவில்லை. உன் மனச்சாட்சியை நீ விற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு உண்மையை மறைக்கவும் உனக்கு உரிமையில்லை என்றோம். எந்த முறை எப்படி வேலை செய்யும், என்ன கெடுதல் தரும், என்ன தராது என்பதை முழுமையாகச் சொல். உனக்கு எழுதிக்கொடுக்க மனமில்லையென்றால் அவளை அவமானப்படுத்தாமல், அலைக்கழிக்காமல் நேர்மையாகச் சொல். கருத்தடையையும் கருச்சிதைவையும் ஒன்றாகக் குழப்பாதே. எமது நாட்டின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருச்சிதைவை அனுமதிப்பதில்லை, ஆனால் குளிசை கேட்டு வருபவள் குற்றவாளியல்ல. எமது பதிலில் எமது மேலோர் சிலர் குறை காணக்கூடும். காணட்டும்.

ஆண்களைப் பற்றி இதுவரை ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். அன்று மாணவர்கள் போன வீடுகளில் ஆண்களும் அதிகம் பேசவில்லை. உழவு இயந்திரத்தின் அருகே நின்று, "அதெல்லாம் அவவிட்டைக் கேளுங்கோ" என்றார்கள். ஆணுக்குச் செய்யும் நிரந்தரக் கருத்தடைச் சிகிச்சை பெண்ணுக்குச் செய்யும் எல்.ஆர்.ரி. சத்திரசிகிச்சையை விட மிகவும் சிறியது; வயிற்றைத் திறப்பதில்லை. ஆயினும் இந்நாட்டில் அதைச் செய்துகொள்வோர் மிகமிகச் சிலர். "பிறகு மூட்டை தூக்க ஏலாது, மண்வெட்டி பிடிக்க ஏலாது" என்ற கதை ஊரில் உண்டு. அது தவறு. சில நாள் ஓய்வுக்குப் பின் எந்த வேலையும் செய்யலாம். மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு வேண்டும் என்பதே கவனிக்க வேண்டியது. இதைச் செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை; திருச்சபையின் போதனை அதையும் ஏற்பதில்லை. பொய்யை நம்பி மனைவியின் உடம்பிலேயே எல்லாப் பாரத்தையும் ஏற்றாதீர்கள் என்கின்றோம். இயற்கை முறையை மனைவி மட்டும் கடைப்பிடிக்க முடியுமா? கள்ளுத்தவறணையிலிருந்து வரும் கணவனிடம் "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லும் பெண்ணுக்கு என்ன நேர்கின்றது என்பதை எமது மாதர் சங்கங்கள் அறியும். அதை மருத்துவ மாணவர்களின் படிவம் கேட்பதேயில்லை.

1987 இல் நாட்டில் குடித்தொகை, சுகாதார ஆய்வு நடத்தியபோது மணமான பெண்களில் நூற்றுக்கு 62 பேர் ஏதோ ஒரு முறையைக் கையாண்டனர் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பாரம்பரிய முறைகளையே நம்பினர் என்றும் கண்டனர். வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் இல்லை. 1993 இலும் இல்லை. 2006, 2007 இல் கிழக்கு சேர்ந்தது, வடக்கு இல்லை. 2016 ஆம் ஆண்டு ஆய்வே முதன்முதலாக 25 மாவட்டங்களையும் எண்ணியது. அதில் நாடளாவிய எண்ணிக்கை நூற்றுக்கு 65 அளவில் இருந்தது. முப்பது ஆண்டுகளாக எமது பெண்கள் எதை விரும்பினார்கள், எதைப் பயந்தார்கள் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை. அந்தப் புத்தகங்களைப் படித்தே இந்தப் பிள்ளைகள் எமது வாசலுக்கு வருகிறார்கள்.

ஆகவே வாசலில் நிற்கும் மாணவனுக்கு நீங்களும் ஆசிரியர்தாம். அவன் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பாதீர்கள், நீங்களும் கேளுங்கள். இது எத்தனை காலம் வேலை செய்யும்? நிறுத்தினால் பிள்ளை வருமா? பால் கொடுக்கும் எனக்கு ஆகுமா? பிரசர் இருக்கின்றதே, ஆகுமா? வேறு என்ன வழி உண்டு? யோசித்துவிட்டு அடுத்த மாதம் வரலாமா? பேறு நோவில் கிடக்கும்போது நீட்டப்படும் எந்தப் படிவத்திலும் கையொப்பம் வைக்காதீர்கள். தமிழில் இல்லாத படிவத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழி, தமிழில் கேட்பது சலுகையன்று. அவசரமாக முடிவெடுக்கச் சொல்லும் எவரையும், அவர் வைத்தியராயினும் சுவாமியாராயினும், ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இரண்டு கிழமைக்குப் பின்னர் மாணவர்கள் மீண்டும் வந்தார்கள். அந்த வீட்டுக்கு இம்முறை ஒரு மாணவியும் கூடப் போனாள். படிவத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, சுளகின் மறுபக்கம் இருந்து தானும் வெங்காயத்தில் சருகு நீக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தின் பின், "அக்கா, அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டாள். தாய் பெயரைச் சொன்னார். பிறகு நெடுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. முன்னர் வந்த மாணவன் கிணற்றடியில் வாளியோடு நின்றுகொண்டிருந்தான். அவனிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த அணி சிறுபோக விதைப்புக்குப் பின் வருவதாக அறிவித்திருக்கிறார்கள். பகல் பத்து மணிக்கு வந்தால் ஆண்கள் தோட்டத்தில் நிற்பார்கள், மாலை ஆறு மணிக்குப் பின், மாடு கட்டி முடிந்த நேரத்தில் வாருங்கள் என்று கடிதம் எழுதியிருக்கின்றோம். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் பூசை முடிவில் அறிவிப்போம். கணவன்மார் இம்முறை உழவு இயந்திரத்தடியில் நிற்காமல் மண்டபத்துக்குள் வர வேண்டும். கதிரைகள் போதாவிட்டால் பாய் விரிப்போம்.